தொண்டையில் ஒரு ரூபாய்

சில்லறைக்கு ஒரு குணம் உண்டு. வேண்டிய இடத்தில் இருக்காது. இருக்கக் கூடாத இடத்தில் போய் ஜம்மென்று உட்கார்ந்துகொள்ளும்.

முப்பத்து நாலு வருஷம் தோளில் தோல் பையை மாட்டிக்கொண்டு, கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் ஏறி இறங்கிய கண்டக்டர் என்கிற ஒரே தகுதியில் இதைச் சொல்கிறேன். சீட்டுக்கு அடியில் தகரச் சந்து, வெற்றிலைப் பை, சுருக்குப் பை, புடவை முந்தானை முடிச்சு என்று காசு ஒளிந்துகொள்ளும் இடங்களை நான் அத்துப்படியாக அறிவேன். இரண்டு கையிலும் மூட்டை இருந்தால் பல்லில் காசைக் கடித்துக்கொண்டு ஏறுவார்கள். "எடுத்துக்கோ கண்டக்டரு" என்று வாயை நீட்டுவார்கள். எடுத்திருக்கிறேன். தொழில் தர்மம்!

ஆனால், சர்வீஸ் முடிந்து பை இறக்கிய பிறகுதான் காசு போய் உட்காருகிற மிக மோசமான இடம் எது என்று தெரிந்தது. குழந்தையின் தொண்டை.

நம் பக்கத்தில் ஒரு குழந்தை எதையாவது முழுங்கிவிட்டால், பத்து நிமிஷத்தில் அந்த வீட்டு வாசலில் நாலு கட்சிகள் உருவாகிவிடும். வாழைப்பழக் கட்சி, "ரெண்டு பழத்தைத் தள்ளிவிடு, கூடவே இறங்கிடும்" என்னும். விரல் கட்சி, "தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வை" என்னும். முதுகுக் கட்சி ஓங்கி நாலு அடி வைக்கும். நாலாவது, பெரும்பான்மை பலம் கொண்ட "தானா வந்துடும்" கட்சி. நாளைக் காலை வரை பார்க்கலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடும்.

ஐந்தாவதாக ஒரு கட்சி இருக்கிறது. எண்டாஸ்கோப்பி கட்சி. அதற்கு மட்டும் நம் ஊரில் டெபாசிட் கிடைக்காது. "பச்சைக் குழந்தை வாயிலே குழாயை விடறதா? பெத்த வயிறுதானா உனக்கு?" என்று எதிர்க்கட்சிகள் நாலும் கூட்டணி சேர்ந்துவிடும்.

அந்தக் குழாயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

* * *

என் மகள் வெள்ளிமலைப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் டீச்சர். மாப்பிள்ளை, நாலு வயசுப் பேரன் எல்லாம் அங்கேதான். போன பலாப்பழ சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு போன். சிக்னல் கிடைக்கும் வாட்டர் டேங்க் மேட்டுக்கு ஓடிப்போய்ப் பேசுகிறாள் என்று மூச்சு வாங்குவதிலேயே தெரிந்தது.

"அப்பா... தம்பி காசை முழுங்கிட்டான் போல. எச்சி ஒழுகிட்டே இருக்கு. தண்ணி கொடுத்தா துப்பறான்."

"அழுவுறானா? பேசுறானா?"

"நல்லாக் கத்தி அழுவுறான்."

கண்டக்டர் லைசென்ஸ் வாங்க முதலுதவி சர்டிபிகேட் வேண்டும் என்பது பல பேருக்குத் தெரியாது. அதில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. சத்தம் வராமல், இருமக்கூட முடியாமல், முகம் நீலம் பாரித்தால் அடைபட்டிருப்பது மூச்சுக் குழாய். அப்போது அந்த நிமிஷமே குழந்தையைக் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தட்ட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரைகூடக் காத்திருக்க முடியாது. ஆனால் குழந்தை வாய்விட்டு அழுதால் காற்று போய் வருகிறது என்று அர்த்தம். சங்கதி அநேகமாக உணவுக் குழாயில் இருக்கிறது. அங்கே முதுகுக் கட்சிக்கும் விரல் கட்சிக்கும் வேலையே இல்லை. விரலை விட்டால் காசு வழி மாறி மூச்சுக் குழாய்க்குள் விழலாம்.

"எதுவும் கொடுக்காதே. நிமிர்த்திப் பிடிச்சு உட்கார வை. கிளம்பி வாங்க" என்றேன்.

அதற்குள் அங்கே வாழைப்பழக் கட்சி சீப்போடு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆயா, பாசத்தில் குறை சொல்ல முடியாது. "ஒரே ஒரு பழம் கண்ணு" என்று உரிக்கவே ஆரம்பித்துவிட்டாராம். நல்ல வேளை, கிராம நர்ஸம்மா வீடு அடுத்த தெரு. வந்த உடனே பழத்தை வாங்கி ஓரம் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"டீச்சர், காசைத்தான் முழுங்கினான்னு கண்ணால பாத்தீங்களா? வீட்டுல பேட்டரி போட்ட பொம்மை ஏதாவது இருக்கா?"

பார்க்கவில்லை. பயல் "காசு" என்று சொன்னான், அவ்வளவுதான். பொம்மையைத் தேடினார்கள். திருவிழாவில் வாங்கிய, லைட் எரிகிற பொம்மை போன். பின்பக்க மூடி திறந்து கிடக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய வட்டப் பேட்டரி இல்லை.

அதற்கப்புறம் அந்த மலை இறக்கம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். எங்கே டிரைவர் ஆரன் அடிப்பார், எங்கே கூடை உருளும், எங்கே வாந்தி எடுப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்றைக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, "இப்போ கோமுகி டேம் தாண்டியிருப்பாங்க... இப்போ கச்சிராயபாளையம்..." என்று மனசுக்குள்ளேயே விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.

* * *

காசுக்கும் பேட்டரிக்கும் என்ன அவ்வளவு வித்தியாசம்? இரண்டும் வட்டம், இரண்டும் பளபளப்பு.

அளவிலும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பிதான். இப்போது புழங்குகிற ஒரு ரூபாய் நாணயம் குறுக்கே ஏறக்குறைய 20 முதல் 22 மில்லிமீட்டர். ரிமோட்டிலும் பொம்மையிலும் போடுகிற பேட்டரியில் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். அந்த நம்பருக்கு அர்த்தம் உண்டு. முதல் இரண்டு இலக்கம் 20 மில்லிமீட்டர் அகலம். அடுத்த இரண்டு 3.2 மில்லிமீட்டர் கனம்.

ஆனால் குணத்தில் ஒருத்தன் சாது, ஒருத்தன் ரவுடி. காசு சும்மா அடைத்துக்கொண்டு நிற்கும். பேட்டரி நிற்காது. உணவுக் குழாயின் ஈரச் சுவரில் ஒட்டியதும் சர்க்யூட் பூர்த்தியாகி மின்சாரம் ஓட ஆரம்பிக்கும். நெகடிவ் பக்கத்தில் காஸ்டிக் சோடா மாதிரியான காரம் ஊறும். பேட்டரி உடைந்து ஒழுக வேண்டும் என்றுகூட இல்லை. முழுசாக இருந்தபடியே சுடும். கால் மணி நேரத்தில் புண் ஆரம்பம். இரண்டு மணி நேரத்தில் ஆழமான காயம். பொம்மையை ஓட்டத் திராணியில்லாத 'செத்த' பேட்டரிக்குக்கூட இந்த வேலைக்குத் தெம்பு இருக்கும்.

அதனால்தான் டாக்டர்களிடம் இரண்டு கடிகாரம் இருக்கிறது. உணவுக் குழாயில் காசு, குழந்தை எச்சிலை முழுங்குகிறது, வலியில்லை என்றால் 24 மணி நேரம் வரை பொறுத்துப் பார்க்கலாம். சில சமயம் தானாகவே வயிற்றுக்கு இறங்கிவிடும். வயிற்றுக்குப் போன காசு பெரும்பாலும் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விடும், டிக்கெட் கேட்கத் தேவையில்லை. எச்சில் ஒழுகினால் காத்திருக்க மாட்டார்கள். உணவுக் குழாயில் பேட்டரி என்றால், காத்திருத்தல் என்ற பேச்சே கிடையாது. முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியே வர வேண்டும். சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு என்றுகூடப் பார்க்க மாட்டார்கள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். கழுத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு நிலா.

"ஓரத்தைப் பாருங்க ஐயா. பேட்டரின்னா விளிம்புல ரெண்டு வட்டம் தெரியும், வளையத்துக்குள்ள வளையம் மாதிரி. இது ஒரே வட்டம். பக்கவாட்டுப் படத்துலயும் படிக்கட்டு மாதிரி மடிப்பு இல்லை. காசுதான்."

நான் ஒரு ரூபாய்க்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது என் சர்வீஸிலேயே கிடையாது.

(காணாமல் போன பேட்டரி இரண்டு நாள் கழித்து ஆட்டுக்கல் குழியிலிருந்து கிடைத்தது. பயல் அதற்கு 'சோறு ஆக்கி'க்கொண்டிருந்தானாம்.)

* * *

சந்தோஷம் ஐந்து நிமிஷம்தான். எச்சில் ஒழுகுவதால் எண்டாஸ்கோப்பி செய்து எடுக்க வேண்டும் என்றதும், என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, உங்களுக்குப் பண்ணப்போ என்ன பாடு பட்டீங்க..."

உண்மைதான். எனக்கு அல்சர் என்று குழாய் விட்டார்கள். தொண்டையில் மருந்து ஸ்ப்ரே அடித்து, 'முழுங்குங்க முழுங்குங்க' என்று சொல்லி, முழித்திருக்கும்போதே செய்தார்கள். நான் போட்ட ஓங்கரிப்பில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதைப் பார்த்தவளுக்கு நாலு வயசுப் பேரனை நினைத்தால் குலை நடுங்காதா?

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பெரியவர்களுக்குச் செய்வது வேறு, குழந்தைக்குச் செய்வது வேறு. பெரியவர் குழாய் 9, 10 மில்லிமீட்டர் கனம். கைக்குழந்தைக்கென்று 5, 6 மில்லிமீட்டரில் மெல்லிய குழாய் இருக்கிறது. குழந்தையை முழித்திருக்க வைத்து, அமுக்கிப் பிடித்துச் செய்வதில்லை. பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான். காசு எடுக்கும்போது, மூச்சுக் குழாய்க்குள் தனியாக ஒரு டியூபை வைத்து அதைப் பத்திரப்படுத்திவிடுவார்கள். காசு இடுக்கியிலிருந்து நழுவினாலும் மூச்சுப் பாதைக்குள் விழாது.

"ஆபத்தே இல்லையா டாக்டர்?" என்றாள் மகள். டீச்சர் இல்லையா, நேராகக் கேட்டுவிட்டாள்.

"இல்லைன்னு சொன்னா பொய். ஆனா ஆபத்து நீங்க நெனைக்கிற இடத்துல இல்லை. குழாய் கிழிச்சிடும், ஓட்டை போட்டுடும்னு எல்லாரும் பயப்படறாங்க. அது ரொம்ப அபூர்வம். கவனமா இருக்க வேண்டியது மயக்கத்துலயும் மூச்சுலயும்."

பிற்பாடு மகள் இதைப் படித்துப் பார்த்துச் சொன்னாள். அமெரிக்காவில் குழந்தைகளுக்குச் செய்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மேல் எண்டாஸ்கோப்பிகளைக் கணக்கெடுத்து 2007-ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. ஏதாவது சிக்கல் என்று பதிவானது நூற்றுக்கு இரண்டு சொச்சம். அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்ச நேரம் இறங்கியது. ரத்தக் கசிவு ஆயிரத்துக்கு மூன்று அளவில். இன்னொன்றும் அதில் இருந்தது. ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்குச் சிக்கல் கொஞ்சம் அதிகம். ஊசி மூலம் அரை மயக்கம் கொடுத்துச் செய்ததைவிட, முழு மயக்கம் கொடுத்துச் செய்ததில் சிக்கல் குறைவு. "முழு மயக்கமா, வேண்டாமே" என்று நாம் பதறுகிறோமே, கணக்கு எதிர்ப்பக்கம் பேசுகிறது!

டாக்டர் எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது மூன்று கேள்விகள் சொல்லி அனுப்பினார். குழந்தை அளவுக் குழாய் இருக்கா? மயக்க டாக்டர் இப்போது இருக்காரா? ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள குழந்தைகள் ஐ.சி.யூ. இருக்கா?

இது வெறும் சம்பிரதாயம் என்றுதான் நினைத்தோம். வழியில் ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) "இங்கேயே எடுத்துடலாம், பத்து நிமிஷ வேலை" என்றார்கள். மாப்பிள்ளை, அதிர்ந்து பேசாதவர், மெதுவாகக் கேட்டார்.

"மயக்க டாக்டர் இருக்காருங்களா?"

"அவர் காலையில வருவார். நாலு பேர் பிடிச்சுக்குவோம் சார், சின்னப் பையன்தானே."

மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறிவிட்டார். அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் வந்த மரியாதை, கல்யாணத்தன்று வேஷ்டி கட்டி நின்றபோதுகூட வந்ததில்லை.

* * *

பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ, என்ன சாப்பிட்டான்?"

"நாலு மணிக்கு, பலாச்சுளை."

விரல் விட்டு எண்ணினார். சோறு, பால், பழம் என்றால் பொதுவாக ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும், தாய்ப்பாலுக்கு நாலு, வெறும் தண்ணீருக்கு இரண்டு. இல்லாவிட்டால் மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். அந்த ஆயாவின் ஒரு வாழைப்பழம் உள்ளே போயிருந்தால், அது காசைத் தள்ளியிருக்கிறதோ இல்லையோ, எங்களை இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னால் தள்ளியிருக்கும். வாழைப்பழக் கட்சியின் மீது எனக்கிருந்த கடைசி அனுதாபமும் அன்றோடு போயிற்று.

உள்ளே கொண்டு போவதற்கு முன் மறுபடி ஒரு எக்ஸ்ரே. ஏன் என்று கேட்டேன். "சில சமயம் இந்த நேரத்துக்குள்ள காசு தானாவே வயித்துக்கு இறங்கியிருக்கும் தாத்தா. அப்படின்னா மயக்கமே வேண்டாமே" என்றார்கள். எங்கள் காசு நகரவில்லை. ரிசர்வ் பண்ணின சீட் மாதிரி அங்கேயே இருந்தது.

மொத்தம் பதினைந்து நிமிஷம். அந்தக் குழாயின் ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டு, அதன் நுனியில் இருக்கும் குட்டி இடுக்கியால் காசின் விளிம்பைக் கடித்து இழுப்பார்களாம். அந்த இடுக்கிக்குப் பெயரே எலிப்பல் இடுக்கி. இழுத்த பிறகு அங்கே புண் இருக்கிறதா என்று இன்னொரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் முடித்தார்கள்.

சின்ன டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். லேசாகக் கறுத்த ஒரு ரூபாய். முப்பத்து நாலு வருஷம் ஜனங்களுக்கு 'மீதி' கொடுத்தவனுக்கு, முதல் முதலாக ஒருவர் மீதி கொடுத்தார்.

பயல் மயக்கம் தெளிந்து, தொண்டை கரகரக்கச் சொன்ன முதல் வார்த்தை: "தாத்தா, என் காசு?"

* * *

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை இருந்தது. இரண்டு வயசு. மூக்கு வழியாக டியூப். அதில்தான் பால்.

அதன் பாட்டி எங்களிடம் சொன்னார். குழந்தைக்குச் சளி, இருமல், சாப்பிட மாட்டேன் என்கிறது. சளி மருந்து கொடுத்தார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாவது நாள் யாரோ எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல, படத்தில் இரண்டு வட்டம். பேட்டரி. அது முழுங்கினதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு வயசுக் குழந்தை வாயால் சொல்லவா முடியும்?

எண்டாஸ்கோப்பி செய்து எடுத்துவிட்டார்கள். ஆனால் உள்ளே வெந்து போயிருந்தது. பேட்டரியை எடுத்த பிறகும் இந்தக் காயம் சில நாட்கள், சில வாரங்கள்கூட ஆழமாகப் போகுமாம். பக்கத்திலேயே மூச்சுக் குழாய், பெரிய ரத்தக் குழாய் எல்லாம் இருப்பதால், எடுத்துவிட்டோமே என்று உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இது:

"நல்லா இருந்த புள்ளைங்க ஐயா. சளின்னுதான் கூட்டிட்டு வந்தோம். அந்தக் குழாயை உள்ள விட்டாங்க பாருங்க... அதுக்கப்புறந்தான் சோறே இறங்கலை. ஊர்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. குழாய் விட்டதாலதான் புண்ணாயிடுச்சாம்."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மூன்று நாள் உள்ளே இருந்து சுட்டது பேட்டரி. பழி, பத்து நிமிஷம் உள்ளே போய் அதை வெளியே எடுத்துக்கொண்டு வந்த குழாய் மேல். அந்த ஊரில் அடுத்ததாக ஒரு குழந்தை எதையாவது முழுங்கும்போது, இந்தக் கதை முன்னால் வந்து நிற்கும். "அந்த வீட்டுப் பொண்ணுக்குக் குழாய் விட்டு என்னாச்சு பாத்தியா?" என்பார்கள். இன்னொரு குழந்தைக்கு மூன்று நாள் தாமதமாகும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

பிறகு மாப்பிள்ளை அவர்களோடு போனில் தொடர்பில் இருந்தார். அந்தக் குழந்தைக்குக் காயம் ஆறும்போது உணவுக் குழாய் சுருங்கிவிட்டது. அதை விரிக்க எண்டாஸ்கோப்பி வழியாகவே பலூனை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை செய்தார்கள். ஆறு மாசத்தில் இட்லி இறங்கியிருக்கிறது. பாட்டி இப்போது குழாயைத் திட்டுவதில்லை என்று கேள்வி.

* * *

குழந்தைக்கு எண்டாஸ்கோப்பி என்றால் காசும் பேட்டரியும் மட்டுமல்ல. குழந்தை திடீரென்று ரத்த வாந்தி எடுக்கும். கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டு, உணவுக் குழாயில் நரம்பு புடைத்து வெடிப்பது நம் நாட்டுக் குழந்தைகளிடம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே குழாய் வழியாக ரப்பர் வளையம் போட்டு ரத்தத்தை நிறுத்துகிறார்கள். வளர்ச்சி இல்லாமல், வயிறு உப்பி இருக்கிற குழந்தைக்குக் கோதுமை ஒவ்வாமையா என்று குடலில் அரிசி அளவு சதை எடுத்துப் பார்க்கிறார்கள். ஆசிட் குடித்த குழந்தைக்கு எவ்வளவு தூரம் வெந்திருக்கிறது என்று முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் பார்ப்பதும் இதில்தான். அதே சமயம், சாதாரண வயிற்று வலி எல்லாவற்றுக்கும் குழாய் விடத் தேவையில்லை. எதற்காக, இதில் என்ன தெரியும், தெரிந்தால் வைத்தியம் மாறுமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்த வித்தையின் ஆரம்பமும் நம் திருவிழாக் கூட்டத்துக்குப் பொருத்தமானதுதான். 1868-ல் ஜெர்மனியில் குஸ்மௌல் என்ற டாக்டர் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். நேர் கம்பியை யார் முழுங்குவார்கள்? கத்தி முழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்து வந்தார். வளைகிற கண்ணாடி இழைக் குழாய் வந்தது 1957-ல். அதைச் செய்த ஹிர்ஷோவிட்ஸ், நோயாளியிடம் போவதற்கு முன் தன் தொண்டையிலேயே விட்டுப் பார்த்துக்கொண்டார். (நான் போட்ட சத்தத்தை அவர் போட்டாரா என்று எழுதி வைக்கவில்லை.)

எனக்குப் பிடித்தவர் அமெரிக்காவின் செவாலியே ஜாக்ஸன். ஜனங்கள் முழுங்கியும் மூச்சில் இழுத்தும் உள்ளே போன சாமான்களை இரண்டாயிரத்துக்கு மேல் எடுத்தவர். ஊக்கு, பட்டன், காசு என்று எல்லாம் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மியூசியத்தில் டிராயர் டிராயராக இருக்கின்றன. ஆனால் அவர் எடுப்பதோடு நிற்கவில்லை. சோப்புக் காரத்தைக் குடித்துத் தொண்டை வெந்து வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து, டப்பாவின் மேல் 'விஷம்' என்று அச்சடிக்கச் சட்டம் கேட்டுப் பல வருஷம் அலைந்தார். 1927-ல் சட்டம் வந்தது. 2022-ல் அதே நாட்டில் இன்னொரு சட்டம். பட்டன் பேட்டரி முழுங்கி இறந்துபோன ஒன்றரை வயசுக் குழந்தையின் பெயரில், ரீஸ் சட்டம். பேட்டரி மூடியைக் குழந்தை திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்கிறது.

நம் வீட்டில் என்ன செய்கிறோம்? பாத்ரூம் ஆசிட்டைக் காலி கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி, அடுப்படி மூலையில் வைக்கிறோம். ரிமோட் மூடி உடைந்தால் ரப்பர் பேண்ட் போடுகிறோம்.

* * *

கடைசியாக, கண்டக்டர் பாஷையில் சில ஸ்டாப்பிங்குகள்.

எதை முழுங்கியது என்று தெரியவில்லையா? பேட்டரி என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அதே மாதிரி இன்னொரு சாமான் வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். காந்த மணிகள் ஒன்றுக்கு மேல் போயிருந்தாலும் அவசரம்தான். குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பழம், சோற்று உருண்டை, பால் எதுவும் வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு, தேன். பேட்டரியின் காரத்தைத் தேன் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது என்று 2018-ல் அமெரிக்க டாக்டர்கள் சோதனை செய்து சொன்னார்கள். பேட்டரிதான் என்று தெரிந்து, முழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இருந்து, குழந்தைக்கு ஒரு வயசு தாண்டியிருந்து, முழுங்கவும் முடிந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன். ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். ஒரு வயசுக்குள் தேனே ஆகாது. காசுக்கும் ஆசிட்டுக்கும் இந்த வைத்தியம் இல்லை. தேன் தேடி ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. தேன் எண்டாஸ்கோப்பிக்கு மாற்று அல்ல. போய்ச் சேரும்வரை ஒரு கைத்தாங்கல்.

மலைத் தேன் எங்கள் கல்வராயன் மலையில் கிடைக்கிறது. கிடைக்காதது ரோடு. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, இந்த ஜனங்களுக்கு அடிப்படை வசதி எங்கே என்று கேட்டது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகிவிட்டது. 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது. ஆனால் மேலே உள்ள சில குக்கிராமங்களுக்கு, நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்துதான் வண்டி ஏற்ற வேண்டும். பேட்டரியின் இரண்டு மணி நேரம் அங்கே தொட்டிலிலேயே கரைந்துவிடும். அதனால்தான், அந்த மலையில் "காலையில பார்க்கலாம்" என்கிற பேச்சு கீழ்நாட்டைவிட இரண்டு மடங்கு ஆபத்து.

குழாயைப் பார்த்துப் பயப்படுவதில் தப்பில்லை. பயத்தைக் கேள்வியாக மாற்றி மயக்க டாக்டரிடம் கேளுங்கள். கடிகாரத்தைப் பார்த்தும் கொஞ்சம் பயப்படுங்கள். அது சத்தம் போடாமல் ஓடுகிறது. விசில் ஊதினாலும் நிற்காது.